ஓடம் வண்டியில் ஏறும் நாள்: படகைத் தரைவழியே கொண்டு செல்லும் செலவு



"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்னும் கருத்தை விளக்கவே அதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். ஆனால், ஓடம் வண்டியில் ஏறுகின்ற அந்த ஒரு நாளில் ஓடத்துக்கு உடையவனின் மடியிலிருந்து எவ்வளவு பணம் இறங்கும் என்பதைப் பழமொழி கூறவில்லை. அதைக் கூறுவதே இன்றைய உரையின் நோக்கம்.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து புறப்பட்டு, தொழிலின் பொருட்டு வேறு மாநிலத் துறைமுகங்களில் தங்கி வாழும் குடும்பங்கள் பல. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் கொச்சியைத் துறையாகக் கொண்டு ஆழ்கடலில் தொழில் செய்வது யாவரும் அறிந்ததே. அவ்வாறே மங்களூரிலும், மால்பேயிலும், கோவாவிலும் நம்மவர் உளர். இவர்களுள் பலருக்கு என்றேனும் ஒருநாள் எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. ஊரில் கரையேறிக் கிடக்கும் படகை இங்கே கொண்டுவரலாமா? கொண்டுவந்தால் என்ன செலவாகும்? அச்செலவு தகுமா?

இக்கேள்விக்கு நாங்கள் புத்தகத்தைப் பார்த்து விடை கண்டவர்கள் அல்லர், பட்டுத் தெளிந்தவர்கள். நாங்கள் நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரையிலிருந்து வந்து மங்களூரில் குடியேறிய நான்கு குடும்பத்தார். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கட்டுமரத்தை இழந்த எங்கள் பெரியப்பா, பின்னர் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கண்ணாடி இழைப் படகை வாங்கினார். அவர் காலமான பின் அப்படகு ஊர் மணலில் கவிழ்ந்து கிடந்தது. 2022 ஆம் ஆண்டு நாங்கள் ஊருக்குச் சென்றபோது பெரியம்மா எங்களை அழைத்து, "தம்பி, அது வெயில்ல கெடந்து காயுதுப்பா. கொண்டுபோய்த் தண்ணில போடுங்க. அவரு கண்ணுக்கு அது படகாத் தெரியணும்" என்று கூறினார். அந்தச் சொல்லைத் தட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. கணக்கையும் அந்த மனத்தோடேயே போட்டோம். பிழை அங்கேதான் தொடங்கிற்று.

முதலில் படகின் அளவைச் சொல்லிவிடுகிறோம். நீளம் 28 அடி, அதாவது எட்டரை மீட்டர். அகலம் இரண்டு மீட்டர். எஞ்சின் நீங்கலாக எடை ஒன்றேகால் டன். மங்களூருக்குச் செல்லும் வழி, தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை, பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர் என அமைகிறது. தொலைவு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டருகே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பது நம் நாட்டுக்கு வாய்த்த பெருநன்மை. நீண்ட சுமையை ஏற்றிய வண்டி மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புவது எளிதன்று. ஆதலால் தொலைவு சற்று மிகுந்தாலும் கணவாய் வழியே செல்வதே முடிவில் சிக்கனம்.

கடல் வழியாகவே ஓட்டிச் செல்லலாகாதா என்று கேட்கலாம். செல்லலாம். கோடியக்கரையைச் சுற்றி, பாக் நீரிணையைக் கடந்து, பாம்பன் பாலத்தின் கீழ் புகுந்து, குமரிமுனையை வளைந்து மேற்கே திரும்ப வேண்டும். அது 1,000 கிலோமீட்டர் அளவான பயணம். பெரிய விசைப்படகுகள் பாம்பனில் தூக்குப்பாலம் திறக்கும் நாளுக்குக் காத்திருந்து இவ்வாறு செல்வதுண்டு. இருபுறமும் திறந்த சிறு படகுக்கோ, எரிபொருளோடு ஆட்களின் கூலியும், வழித்தங்கலும், எல்லாவற்றுக்கும் மேலாக உயிருக்கான அச்சமும் சேர்ந்துவிடும். ஆகவே தரைவழியை நாடினோம்.

செலவு என்பது லாரி வாடகை மட்டுமே என்று எண்ணுவது முதற்பிழை. இந்தப் பிழையைச் செய்யாதவர் அரியர். தரைவழி செல்லும் படகின் செலவு ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஏற்றுதல், சுமத்தல், காத்திருத்தல், இறக்குதல், பழுது பார்த்தல் என்பன அவை. இவற்றுள் சுமத்தல் ஒன்றே தொலைவோடு கூடிக்குறைவது. மற்ற நான்கும், படகு பத்துக் கிலோமீட்டர் சென்றாலும் ஆயிரம் கிலோமீட்டர் சென்றாலும் வந்தே தீரும். பக்கத்து ஊருக்குத்தானே என்று எண்ணுவோர் செலவைக் கேட்டுத் திகைப்பது இதனாலேயே.

அடுத்து, லாரிக்காரர் எதற்கு விலை கேட்கிறார் என்பதை உணர வேண்டும். நெல், சிமெண்டு போன்ற சரக்குகளுக்கு எடையே கணக்கு. படகு அத்தகையதன்று. எங்கள் படகின் எடை ஒன்றேகால் டன் மட்டுமே. பத்து டன் சுமக்கும் லாரிக்கு அது எட்டில் ஒரு பங்கு. ஆயினும் வண்டியின் தளம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. வேறு சரக்கை ஏற்ற இடமில்லை. எனவே எட்டில் ஒரு பங்கு எடைக்கு முழு வண்டியின் வாடகையைக் கொடுக்கிறோம். படகுக்காரன் கூலி கொடுப்பது எடைக்கு அன்று, இடத்துக்கு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பேரம் பேசும் முறையே மாறிவிடும்.

வாடகையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்போம். நீண்ட தளமுடைய லாரி ஒன்று லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். 800 கிலோமீட்டருக்கு 200 லிட்டர் டீசல் வேண்டும். கணக்கின் பொருட்டு லிட்டர் 95 ரூபாய் என்றால், அதுவே 19,000 ரூபாய். வெறும் வண்டியாகத் திரும்பும்போது லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் 160 லிட்டர்; அதாவது 15,200 ரூபாய். போக வர டீசலுக்கே 34,200 ரூபாய் ஆகிறது. சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் படி, டயர்த் தேய்மானம், உரிமையாளரின் ஊதியம் ஆகியவை இனிமேல்தான் வரவேண்டும். இருந்தும் நீண்ட லாரிக்கு எங்களிடம் 41,000 ரூபாய்தான் கேட்டார்கள். அஃது எவ்வாறு இயலும்? திரும்பும்போது அங்கே வேறு சரக்குக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையால் இயலும். அன்றியும், மங்களூர்ப் பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, வெறுமனே திரும்பக் காத்திருக்கும் வண்டி கிடைத்தால் அதனினும் குறைவாகவே பேசலாம். ஆகவே நாள் குறித்துவிட்டு லாரி தேடுவதைவிட, திரும்பும் லாரி கிடைக்கும் நாளைப் படகின் நாளாகக் குறித்துக்கொள்வது அறிவுடைமை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 32 அடித் தளமுடைய லாரிக்கு 41,000 ரூபாய் என்றார்கள். அவ்வேளையில் ஒரு தரகர் வந்து, 22 அடித் தளமுடைய சிறிய லாரி இருக்கிறது, 26,000 ரூபாய் போதும் என்றார். படகு 28 அடி. ஆறு அடி பின்புறம் நீண்டு நிற்கும். ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும் என்று அவர் கூறியதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஏற்றுகூலி 3,000, இறக்குகூலி 3,000 என்று வைத்து, மொத்தம் 32,000 ரூபாயில் முடிந்துவிடும் என்று தாளில் எழுதினோம். 15,000 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று அன்றிரவு மகிழ்ச்சியோடே உறங்கினோம்.

கோவையை அடையுமுன்னரே வண்டி நிறுத்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வண்டியின் உடலைக் கடந்து பக்கவாட்டிலோ, முன்னோ, பின்னோ சுமை நீண்டிருந்தால் 20,000 ரூபாய் தண்டம். அதனோடு அச்சுமையை இறக்கும் செலவையும் கட்டியாக வேண்டும். ஓட்டியவர் மட்டுமல்லர், ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளியே. சட்டத்தின் மீது எங்களுக்குக் குறையில்லை. இருட்டில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த ஆறடி நீட்டம் எத்தகைய எமன் என்பதைச் சாலையில் நின்று பார்த்தபோதுதான் உணர்ந்தோம். சிவப்புத் துணி எந்த உயிரையும் காக்காது.

தண்டத்தில் பாதியை நாங்கள் ஏற்றோம். அது 10,000 ரூபாய். படகைச் சாலையோரம் இறக்கவும், பின்னர் ஏற்றவும் கிரேனுக்கு 6,000. அதுவரை ஓடிய தூரத்துக்குச் சிறிய லாரிக்கு 12,000. எஞ்சிய 500 கிலோமீட்டருக்கு நீண்ட லாரி ஒன்று மூன்று நாள் சென்ற பின் கிடைத்தது. அவசரத்தில் இருப்பவர்களிடம் பேரம் ஏது? அதற்கு 27,000. அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை இரவு மங்களூரை அடைந்தது. இறக்க ஆளுமில்லை, கிரேனுமில்லை. ஒருநாள் காத்திருந்த வண்டிக்குத் தங்கல் கூலி 2,500. துறைமுகத்தில் இறக்கக் கிரேனுக்கு 5,000. ஊரில் ஏற்றுகூலி முன்னரே 3,000 கொடுத்திருந்தோம். இறக்கிப் பார்த்தபோது, சிறிய லாரியின் பின்விளிம்பு அழுந்திய இடத்தில் படகின் அடித்தண்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அதைப் பழுது பார்க்க 14,000. எல்லாவற்றையும் கூட்டினால் 79,500 ரூபாய். தாளில் எழுதிய தொகை 32,000. முதலிலேயே நீண்ட லாரியை அமர்த்தியிருந்தால், வாடகை 41,000, ஏற்றுகூலி 3,000, இறக்கும் கிரேனுக்கு 5,000, முட்டும் கயிறும் மெத்தையும் 2,000 என 51,000 ரூபாயில் காரியம் முடிந்திருக்கும். 15,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 28,500 ரூபாயை இழந்தோம்.

விரிசல் ஏன் உண்டாயிற்று என்பதையும் விளக்க வேண்டும். ஏனெனில் பழுதுச் செலவைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது. நீரில் மிதக்கும் படகை நீர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தாங்குகிறது. அதே படகு லாரியில் ஏறியவுடன் அதன் பாரம் முழுவதும் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தங்குகிறது. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவ்விடத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலாகும். ஆகவே அடித்தண்டின் நீளம் முழுவதையும் தாங்குமாறு கட்டைகளை வரிசையாக இட வேண்டும். இருபக்கத்திலும் சாயாதிருக்க முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டைக்கும் படகுக்கும் இடையே பழைய டயர்த் துண்டோ, தென்னை நார் மெத்தையோ வைக்க வேண்டும். மெல்லிய கயிற்றை இறுக்கினால் அது விளிம்பை அறுக்கும். அகன்ற பட்டையே நன்று. எஞ்சினைக் கழற்றித் தனியே கட்ட வேண்டும். எரிபொருள் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

சிறியதாகத் தோன்றினும் பெரிய ஒன்று இருக்கிறது. படகின் அடியிலுள்ள நீர்வடி துளையின் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். வழியில் மழை பெய்து, பத்துச் சதுர மீட்டர்ப் பரப்பில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அதன் எடை ஒன்றரை டன். படகின் எடையைவிட அது மிகுதி. அந்நீர் வண்டி திரும்புந்தோறும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாயும். அடைப்பைப் பிடுங்க ஒரு நிமிடம் போதும். பிடுங்காவிட்டால் வண்டியே கவிழ நேரலாம்.

கிரேன் வாடகையைப் பற்றியும் ஒரு சொல். படகைத் தூக்கி வைக்கக் கால்மணி நேரமே ஆகும். ஆனால் கிரேன் அதன் இடத்திலிருந்து வந்து திரும்பவும் வேண்டியிருப்பதால், பல மணி நேரத்துக்கான குறைந்தபட்ச வாடகையையே கேட்பார்கள். ஊர்க்கரையில் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தால் எங்கள் படகு போன்றவை லாரியில் ஏறிவிடும்; சோறும் தேநீரும் சிறு கூலியும் போதும். அயலூரிலோ அத்தனை தோள்கள் கிடைப்பது அரிது. நாம் ஊரில் உறவினரின் உதவியாகப் பெற்றவையெல்லாம் அயலூரில் விலையாக மாறிவிடுகின்றன. வேறு மாநிலத்தில் வாழும் நமக்கு இது படகு ஒன்றில் மட்டுமா உண்மை?

இதுகாறும் கூறியது சிறு படகின் கணக்கு. பெரிய படகின் கணக்கு வேறு. நம் நாட்டில் சாலை வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. நான்கு, ஐந்து மீட்டர் அகலமுள்ள விசைப்படகைக் கொண்டு செல்ல வேண்டுமாயின், அது அளவு மீறிய சரக்கு என்னும் வகையில் சேர்கிறது. தாழ்தள டிரெய்லர் வேண்டும். முன் அனுமதி வேண்டும். பாலத்தின் தாங்கும் திறன், மின்கம்பியின் உயரம், மரக்கிளை ஆகிய யாவற்றையும் முன்னரே சென்று அளந்து வர வேண்டும். சரக்குக்கான மின்வழிச் சீட்டு, அதாவது இ-வே பில், இவ்வேறுபாட்டை நன்கு காட்டுகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அச்சீட்டு வேண்டும் என்னும் விதி 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் வீதம் சீட்டின் காலம் கணக்கிடப்படுகிறது. அளவு மீறிய சரக்குக்கோ 20 கிலோமீட்டருக்கு ஒருநாள். எங்கள் 800 கிலோமீட்டர் வழி சாதாரணச் சரக்குக்கு நான்கு நாள். அளவு மீறியதற்கு நாற்பது நாள். விதியை எழுதியவர்களே இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா?

2021 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். கடற்படைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டி-81 என்னும் விரைவுத் தாக்குதல் கலத்தை ஆலப்புழைக் கடற்கரையில் காட்சிக்கு வைக்க முடிவு செய்தார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 25 மீட்டர். எடை சுமார் 60 டன். கொச்சியிலிருந்து தண்ணீர்முக்கம் வரை உப்பங்கழி வழியே அது நீரிலேயே வந்தது. அங்கிருந்து பல அச்சுகள் கொண்ட டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியே கொண்டு சென்றார்கள். ஆலப்புழையை அடைந்த பின்னும் புறவழி மேம்பாலம் குறுக்கிட்டதால் அது நாட்கணக்கில் காத்து நின்றது. இங்கே போற்றத்தக்கது யாதெனில், நீர்வழி இருக்கும் மட்டும் நீர்வழியே வந்து, தவிர்க்க இயலாத தொலைவை மட்டுமே சாலையில் கடந்த அந்த முறைதான். தரைவழியைக் குறுக்குவதே பெரிய கலத்தின் செலவைக் குறுக்குவதற்கு முதல் வழி.

இரண்டாவது வழி, கலத்தையே பிரித்து எடுத்துச் செல்வது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரசு, ஆண்டீஸ் மலைமேல் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள டிட்டிகாக்கா ஏரிக்காக யாவாரி, யாபுரா என்னும் இரு நீராவிக் கப்பல்களை இங்கிலாந்தில் செய்வித்தது. 1862 ஆம் ஆண்டு அவை 2,766 துண்டுகளாகக் கடல்வழி வந்து சேர்ந்தன. கோவேறு கழுதை ஒன்று சுமக்கும் எடைக்கு மேற்படாதவாறே துண்டுகளை அமைத்திருந்தார்கள். கரையிலிருந்து சிறிது தூரம் இரயிலிலும், பின்னர் மலைமேல் கழுதைகளின் முதுகிலும் அவை ஏறின. ஆறு மாதத்தில் முடியும் என்று எண்ணிய வேலை ஆறு ஆண்டுகளை விழுங்கிற்று. யாவாரி ஏரியில் இறங்கியது 1870 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று. கணக்குப் போட்டவர்கள் நம்மைவிட அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். சுமப்பதன் கணக்கைப் போட்டார்கள். காத்திருப்பதன் கணக்கைப் போட மறந்தார்கள். நாங்களும் அதையேதான் மறந்தோம்.

இன்னும் பழைய சான்று ஒன்று கிரேக்க நாட்டில் இருக்கிறது. கொரிந்து நிலஇடுக்கின் குறுக்கே, கி.மு. 600 அளவில், கலங்களை இழுத்துச் செல்லக் கல்பாவிய பாதை ஒன்று அமைத்தார்கள். தெற்கே நீண்ட தீபகற்பத்தைச் சுற்றிவரும் கடற்பயணத்தின் இடரைத் தவிர்க்கவே அவ்வளவு உழைப்பு. ஆயினும் அப்பாதையின் நீளம் சில கிலோமீட்டர்களே. வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில், கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பதையே உவமையாக வைத்தார். ஓடாததை ஓடச் செய்யும்போது ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு என்பதை அவ்வுவமைக்கு நாம் எழுதும் சிற்றுரையாகக் கொள்ளலாம்.

அப்படியாயின் எப்போது கொண்டு செல்வது தகும்? இதற்கு எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. படகை இருக்குமிடத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். அதே போன்ற படகைச் சேருமிடத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் கொடுக்கத்தக்க மிக உயர்ந்த செலவு. எங்கள் படகுக்கு ஊரில் 1,10,000 ரூபாய் தருவதாகக் கூறினார்கள். மங்களூரில் அத்தகைய பழைய படகின் விலை 1,60,000. வேறுபாடு 50,000. நேர்மையாகக் கணக்கிட்ட செலவு 51,000. அதாவது, லாபமுமில்லை; பெரிய நட்டமுமில்லை. பொய்யாகக் கணக்கிட்ட 32,000 தான் எங்களுக்கு 18,000 ரூபாய் லாபம் என்று ஆசை காட்டியது. உண்மையில் ஆன 79,500 ரூபாயோ எங்களை 29,500 ரூபாய் நட்டத்தில் நிறுத்தியது.

ஆகவே பலருக்கு நாங்கள் கூறும் யோசனை இதுவே. படகை விற்றுவிட்டு, எஞ்சினையும் வலையையும் மட்டும் கொண்டு வாருங்கள். எடைக்கேற்ற விலையும், சிறிய இடமும் உடைய பொருள்கள் அவை. லாரியில் பிறர் சரக்கோடு சேர்ந்து வரும். கொண்டுதான் வரவேண்டும் என்று முடிவு செய்தால், ஐந்து கிளைச் செலவையும் தனித்தனியே எழுதுங்கள். சேருமிடத்தில் இறக்க நாளும் நேரமும் கிரேனும் உறுதியான பின்னரே வண்டியைப் புறப்படச் சொல்லுங்கள். லாரியின் தளம் படகைவிட நீளமாக இருக்கிறதா என்பதை நாடா வைத்து நீங்களே அளந்து பாருங்கள். வாடகையில் சுங்கம் அடக்கமா, தங்கல் கூலி எத்தனை மணி நேரத்துக்குப் பின் தொடங்கும், வழியில் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுமுன் படகை நாற்புறமும் படம் எடுத்து வையுங்கள். மொத்தத் தொகையோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. படகு மாநிலம் மாறினால் தாளும் மாற வேண்டும். கடல்மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1983 ஆம் ஆண்டினது. கர்நாடகத்தில் 1986 ஆம் ஆண்டினது. ஒவ்வொரு மாநிலமும் தன் கடலுக்குத் தானே உரிமம் வழங்குகிறது. பழைய பதிவை மாற்றி, புதிய உரிமத்துக்கு வழி செய்த பின்னரே லாரியைத் தேடுங்கள். விசைப்படகு வைத்திருப்போர் தடைக்காலத்தையும் கருத வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. தொழில் நின்றிருக்கும் நாட்களில் படகை மாற்றினால், காத்திருத்தலின் செலவு ஓரளவு குறையும்.

இவ்வளவும் கணக்கு. ஆனால் கணக்குப் பார்க்காமல் படகுகள் லாரியேறிய நாட்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது முறையன்று. 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டு வந்தார்கள். 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, 600க்கு மேற்பட்ட படகுகளும் 4,000க்கு மேற்பட்ட மீனவர்களும் மீட்புப் பணியில் இறங்கினார்கள். கடல் காணாத செங்கன்னூர் போன்ற ஊர்களுக்கு லாரிகளிலேயே படகுகள் போய்ச் சேர்ந்தன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அதே காட்சியைக் கண்டோம். முட்டுக் கொடுக்கவும் மெத்தை வைக்கவும் அன்று எவருக்கும் நேரமில்லை. நீரில் மறைந்திருந்த மதிற்சுவரிலும் இரும்புக் கதவிலும் மோதிப் படகுகள் பல சேதமுற்றன. கேரள அரசு படகொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. படகே பிழைப்பாக உள்ளவன் அந்தப் படகைக் கல்லில் மோதவிட்டு, கூலி வேண்டாம் என்று கூறுகிறான். அச்செலவை எந்தத் தாளில் எழுதுவது?

எங்கள் படகு இன்று மங்களூர்க் கடலில் ஓடுகிறது. பழுது பார்த்த இடத்தில் புதுச் சாயம் சற்று வேறாகத் தெரிகிறது. சென்ற ஆண்டு பெரியம்மா வந்திருந்தார். துறையில் நின்று, படகின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த 29,500 ரூபாயை நாங்கள் நட்டம் என்றே கணக்கில் எழுதியிருக்கிறோம். அதை மாற்றி எழுதவில்லை. பாசத்துக்காகச் செலவு செய்வது தவறன்று. எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதை அறியாமல் செய்வதே தவறு. அறிந்து கொடுத்திருந்தால் 1,000 ரூபாயோடு போயிருக்க வேண்டியது, அறியாமையால் முப்பது மடங்காயிற்று.

உங்கள் ஊர்க் கரையிலும் ஒரு படகு காத்திருக்கலாம். அதை வண்டியில் ஏற்றும் முன், ஒரு தாளையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அதன் அருகே ஒருமுறை அமருங்கள்.